காய்ச்சலோடு வருகிறீர்களா? தோட்டத்தில் இருந்ததையும் சொல்லுங்கள்

இந்த மழைக்காலத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலோடு தோட்டத்திலிருந்து எங்களிடம் வந்தவர்களில் இவர் நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு வயதுப் பெண். பெங்களூரில் பார்த்த கணினி வேலையை விட்டுவிட்டு, சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பின்பற்றும் வேளாண்மை) பண்ணையில் மூன்று மாதம் தங்கி வேலை கற்றுக்கொள்ள வந்தவர். சேலத்தில் எங்கள் வார்டுக்கு அவரைக் கொண்டுவந்தபோது காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கினார். இரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதம். கூடவே ஒரு கட்டு ரிப்போர்ட்: டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் பரிசோதனை மட்டும் லேசாகப் பாசிட்டிவ். அதை நம்பி டைபாய்டு என்று ஐந்து நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். தட்டணுக்கள் 60,000-க்கு இறங்கியதால் வீட்டில் பப்பாளி இலைச் சாறு வேறு.

உடை மாற்றிவிடப் போன எங்கள் சிஸ்டர்தான் என்னைக் கூப்பிட்டார். இடுப்பில், டிராக் பேண்ட்டின் எலாஸ்டிக் அழுந்தும் இடத்தில், மிளகளவு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த வளையம். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை என்றார். இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"அது வேலி கட்டுறப்போ முள்ளு கீறினதுங்க டாக்டரம்மா, பத்து நாளாச்சு" என்றார் அம்மா.

முள் கீறினால் கோடாக இருக்கும், வலிக்கும், பத்து நாளில் ஆறியும் இருக்கும். சிகரெட்டால் சுட்டது போல வட்டமாக, வலியும் அரிப்பும் இல்லாமல் இருக்கிற கறுப்புப் பொருக்கு, கூடவே காய்ச்சல் என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். அன்று மாலையே மருந்து ஏறியது. மறுநாள் வந்த இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் தெளிய இன்னும் ஒன்பது நாள் ஆனது.

அவர் கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் கேட்ட கேள்வி இது: "எங்க பண்ணையில ஒரு சொட்டு பூச்சிமருந்து கூடக் கிடையாதே டாக்டர், எப்படி வந்துச்சு?" முன்பு வந்த மூன்று பேரும், அவர்களோடு வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருப்பது இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விஷம் தெளிக்காத மண்ணில் உயிர்கள் அதிகம். அதற்காகத்தானே அத்தனை பாடுபடுகிறோம்? மண்புழு வரும், தேரை வரும், குளவி வரும். அவற்றோடு எலியும் மூஞ்சூறும் வரும், எலியின் காதில் ஒட்டிக்கொண்டு சிற்றுண்ணியும் வரும். இந்த நோய்க் கிருமி அந்தச் சிற்றுண்ணியின் உடம்பில் இருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. நீங்கள் யூரியா போட்டீர்களா, ஜீவாமிர்தம் ஊற்றினீர்களா என்பது அதற்குக் கணக்கே இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் சிப்பாய்கள் இந்தக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அந்தக் காட்டுக்கு யார் போய் மருந்து தெளித்தார்கள்? 1970-களில் ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சரை உருவாக்கினார்களே, அந்த நாட்டின் வடகோடியிலும் இந்த நோய் உண்டு. மண் சுத்தமாக இருப்பது வேறு, மண்ணில் நோய் இல்லாமல் இருப்பது வேறு. இதைச் சொன்னால் நான் இயற்கை விவசாயத்துக்கு எதிரி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இல்லவே இல்லை. பூச்சிமருந்து உடம்புக்குள் போனதால் மருத்துவமனைக்கு வருகிறவர்களையும் நான்தான் பார்க்கிறேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா சொன்ன மூடாக்கை (சருகால் மண்ணை மூடி வைப்பதை) என் வீட்டுத் தோட்டத்திலும் போட்டிருக்கிறேன்.

அடுத்து பெயர். பத்திரிகைகளில் இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். உடனே எல்லோரும் மாட்டைப் போய்த் தடவிப் பார்க்கிறார்கள், நாயைக் குளிப்பாட்டுகிறார்கள். மாட்டு உண்ணி கண்ணுக்குத் தெரியும், கையால் பிடுங்கலாம். அதனால் வருகிற காய்ச்சல்கள் வேறு. இது சிற்றுண்ணியின் குஞ்சு, அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கடித்தாலும் தெரியாது. தரையிலும் புல் நுனியிலும் காத்திருந்து நம் மேல் ஏறும். துணி எங்கே இறுக்கமாக இருக்கிறதோ, தோல் எங்கே மெல்லியதாக இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். அப்புறம், டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைபாய்டுக்குப் போடும் அந்த ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. வைடாலை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள் என்று என் சக மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் அன்றாடம் என்ன வேலை என்று உட்கார்ந்து கேட்டேன். காலை ஆறு மணிக்குக் கோழிகளைத் திறந்துவிடுவது. பிறகு கிளைரிசிடியா மரத்தின் கிளைகளைக் கழித்து மற்ற மரங்களின் அடியில் போடுவது. சில்வர் ஓக் சருகை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து அள்ளி வந்து மேட்டுப்பாத்தியில் பரப்புவது. பத்து மணிக்கு வட்டமாகப் புல்லில் உட்கார்ந்து வகுப்பு. மதியம் சம உயர வாய்க்கால் வெட்டுவது. களைத்தால் அங்கேயே கொய்யா மரத்தடிச் சருகில் சாய்ந்து ஒரு தூக்கம். துவைத்த துணி வேலிச் செடியின் மேல். தண்ணீர் மிச்சம் என்று குளியல் இரவில்தான், சில நாள் மறுநாள் காலையில். செருப்பு கிடையாது. "மண்ணோட தொடர்பு விட்டுடக் கூடாதுன்னு சொல்வாங்க டாக்டர்."

அவர் சொல்லச் சொல்ல, சிற்றுண்ணி ஏறுவதற்கு எத்தனை வழி என்று என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.

சரி, என்ன செய்யலாம்? சருகு அள்ளும்போது முழுக்கைச் சட்டை, காலில் கம்பூட்ஸ், பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். கூடையிலோ சாக்கிலோ அள்ளுங்கள், நெஞ்சோடு அணைக்காதீர்கள். கை கால்களில் பூச்சி விரட்டிக் களிம்பு தடவுங்கள். வேப்பெண்ணெய் போதாதா என்று கேட்காதீர்கள், அதை நம்பி உங்களைப் புதருக்குள் அனுப்ப எனக்கு மனம் வராது. வகுப்பென்றால் தார்ப்பாய் விரியுங்கள். தூங்குவதற்குக் கயிற்றுக் கட்டில். துணி காயக் கொடி கட்டுங்கள், புதர் மேல் போடவே போடாதீர்கள். வேலை முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்பாகவே, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். ஊர்ந்துகொண்டிருக்கும் குஞ்சு அதிலேயே போய்விடும். கழற்றிய உடையை மறுநாளும் எடுத்து மாட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஐ.சி.யூ. வரைக்கும் வர வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

பண்ணை நடத்துகிறவர்களுக்கு: படுக்கும் குடிசையைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், மூடாக்கு அங்கே வேண்டாம். கோழித் தீவனத்தை எலி ஏறாத டிரம்மில் போட்டு மூடுங்கள். தீவனம் சிந்திக் கிடக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் இதுவும் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடித்த அன்றே காய்ச்சல் வராது. ஆறு நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள். ஏற்காட்டுக்கு வார இறுதிப் பயிற்சிக்கு வந்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போனவருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ காய்ச்சல் அடிக்கும். அங்கே இருக்கிற மருத்துவருக்கு நீங்கள் சருகு அள்ளியது எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். "மூன்று வாரத்துக்குள் தோட்டத்தில் வேலை செய்தேன், புல்லில் உட்கார்ந்தேன்" என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் வரும் முன் வீட்டிலேயே உடம்பில் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அக்குள், இடுக்கு, மார்பின் அடிப்பக்கம், இடுப்பு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம், தலைமுடிக்குள். பிறப்புறுப்பிலும் வரும், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஈரமான இடத்தில் பொருக்கு கறுப்பாக இருக்காது, சின்னப் புண் போலத் தெரியும். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை, அதனால் அது இல்லையென்றாலும் நோய் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. முதல் வாரத்தில் அது நெகட்டிவாகக் காட்டலாம், அதற்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டோம்.

மருந்து டாக்ஸிசைக்ளின். பழைய மருந்து, விலை மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்போம். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு இரண்டு மருந்தையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் கொடுத்தோம். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகிவிடும். சாப்பிடும் நாட்களில் உச்சி வெயிலில் மண்வெட்டி பிடிக்கவும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் அன்று பண்ணைக்காரர் வந்திருந்தார். நல்ல மனிதர், பதறிப்போயிருந்தார். "மூடாக்கு எல்லாத்தையும் வாரிக் கொளுத்திடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். குளியலறையில் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். இடுப்பு வரைக்கும் தெரிகிற மாதிரி ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன்.