தண்ணீர்மலையில் ஒரு நீண்ட மூச்சு

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். ஞாயிறு விடியலில் ஏறி, சாமி கும்பிட்டுவிட்டு ஓர் ஓரமாக உட்காருவேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். தினமும் அங்கே வரும் பெரியவர் ஒருவர், “தம்பி, நாடியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை மெதுவா விட்டுப் பாருங்க” என்றார். தியானத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

நீங்களும் செய்து பாருங்கள். கட்டைவிரலின் நேர்கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும். நீளமாக விடும்போது விலகிவிலகி விழும். மூளையின் அடித்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை இது. உள்மூச்சில் அதன் பிடி தளர்கிறது. வெளிமூச்சில் திரும்ப இறுகுகிறது. அப்போது நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இதயத்துக்கு நேரடியாகக் கட்டளையிட நம்மால் முடியாது. மூச்சு வழியாகச் சொல்லி அனுப்பலாம்.

சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அது ஆறாகக் குறைந்தால், ஒரு மூச்சுக்கு 10 விநாடி. ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் உடலின் ஏற்பாட்டுக்கும் ஏறக்குறைய 10 விநாடித் தாளம் உண்டு. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது உயர எழும்பும் அல்லவா? அதே கதைதான்: மூச்சு அந்தத் தாளத்தோடு சேரும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது. லூசியானோ பெர்னார்டி என்ற ஆய்வாளரின் குழு 2001-இல் இதை அளந்து பார்த்தது. லத்தீன் ஜெபமாலையைச் சொன்னாலும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தை ஜபித்தாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறை ஒட்டி வந்து நின்றது. மாதா கோயிலையும் புத்த விகாரையையும் ஒரே ஊரில் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த முடிவைப் படித்த அன்று மனம் நிறைந்துபோனது.

உடல் அடங்கினாலும் மனம் ஓடும். நாளைய வேலை, நேற்றைய பேச்சு, ‘என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்’ என்று ஒரே ‘நான்’ புராணம். வேறு வேலை இல்லாதபோது மும்முரமாகும் ஒரு மூளை வலையமைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. மார்கஸ் ரெய்க்கிள் குழு 2001-இல் அதை அடையாளம் காட்டியது. அனுபவமுள்ள தியானிகளிடம் அதன் மையப் பகுதிகள் தணிந்திருப்பதை ஜட்சன் புரூவர் குழு 2011-இல் கண்டது. மனம் ஓடியதைக் கவனித்து மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறோமே, அதுவே பயிற்சி என்று நினைக்கிறேன். ஓடிவிட்டதே என்று கலங்க வேண்டாம்.

தியானத்தின் ‘உயர்நிலை’ என்கிறார்களே, அது? ரிச்சர்ட் டேவிட்சன் குழு 2004-இல் திபெத்திய பௌத்த சாதகர்கள் எட்டுப் பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. 10,000 முதல் 50,000 மணி நேரம் தியானத்தில் கழித்தவர்கள். எல்லா உயிர்மீதும் கருணை கொள்ளும் தியானத்தில் இருந்தபோது, விநாடிக்கு 25 முதல் 42 துடிப்புள்ள காமா அலைகள் பலமாக, மூளையின் பல பகுதிகளில் ஒன்றுபோல் எழுந்தன. ஒரு வாரம் மட்டும் பழகிய மாணவர்களிடம் அந்த அளவுக்கு எழவில்லை. பயிற்சிதான் இதைச் செய்தது என்று எட்டுப் பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மூளை உள்ளவர்களே இத்தனை காலம் தியானத்தில் நிலைத்திருக்கவும் கூடும். அலையைக் கருவி அளக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே என்ன நிகழ்ந்தது என்பதை உட்கார்ந்திருந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.