கம்ப்யூட்டர் எப்போது அணைந்தது?

நண்பர் ஒருவர் டிடிபி கடை வைத்திருக்கிறார். தினமும் இரவு எட்டரைக்கு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகுதான் ஷட்டரை இழுப்பார். ஒருநாள் மாலை 7.50-க்கு ஏதோ வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்திருக்கிறார். 'அப் டைம்' என்ற இடத்தில் 11 நாள் 4 மணி நேரம் என்று இருந்தது. பதினொரு நாளாக அணையவே இல்லையாம்! சாவி இன்னொருவரிடமும் இருக்கிறது என்பதால், சந்தேகம் நேராகக் கடைப்பையன் மேல் போனது.

"அவனைக் கேட்பதற்கு முன்னால் ஈவென்ட் லாகைக் கேளுங்கள்" என்றேன்.

விண்டோஸ் தனக்கு நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு அது. 'ஈவென்ட் வியூவர்' என்று தேடினால் திறக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. 6005 என்றால் பதிவேட்டை எழுதும் சேவை தொடங்கியது. 6006 என்றால் அது முறைப்படி நின்றது. கம்ப்யூட்டர் ஏறும்போது இந்தச் சேவையும் ஏறும், இறங்கும்போது இதுவும் இறங்கும். ஆகவே 6005-க்கும் அடுத்த 6006-க்கும் நடுவில் உள்ளதை ஓடிய நேரமாக எடுத்துக்கொள்கிறோம். வாட்ச்மேன் நோட்டைப் பார்த்து ஆலை ஓடிய நேரத்தைக் கணக்கிடுவது போலத்தான். 1998-இல் விண்டோஸ் என்டி 4.0-க்கு வந்த நான்காவது சர்வீஸ் பேக்கில், அதாவது திருத்தத் தொகுப்பில், 6006 சேர்ந்தது. சர்வர் ஆண்டில் 99.9 சதவீதம் ஓடியது என்று ஒருவர் சொன்னால், நின்றிருந்தது எட்டே முக்கால் மணி நேரம்தான் என்று அர்த்தம். அதைச் சரிபார்க்க இப்படி ஏதாவது எழுத்தில் வேண்டுமல்லவா?

சரி, நண்பர் கடைக்கு வருவோம். பதினொரு நாளாக ஒரு 6006 கூட இல்லை. ஆனால் தினமும் காலையில் 'கெர்னல்-பூட்' என்ற பெயரில் 27 என்ற வரி இருந்தது. அதற்குள் பூட் வகை 0x1. விடை அங்கேதான். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்பகுதி அணைவதில்லை, அப்படியே டிஸ்கில் எழுதப்பட்டு உறங்கப் போய்விடும். காலையில் அதை எழுப்புவதால்தான் சீக்கிரம் ஏறுகிறது. 0x1 என்பது இப்படி எழுப்பியதைத்தான் சொல்கிறது. உறங்கிய இரவுகளையும் சேர்த்தே அப் டைம் எண்ணுகிறது. மின்சாரம் அநேகமாகச் செலவாகாத இரவு, கணக்கில் மட்டும் ஓடிய இரவு! ரீஸ்டார்ட் கொடுத்தால் இப்படி ஆகாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும்.

பையன் தப்பித்தான். ஆனால் எண்ணிக்கை ஏன் சரியாகப் பதினொரு நாள் நான்கு மணி நேரத்துக்கு முன்னால் தொடங்குகிறது? பின்னோக்கிப் போனோம். அன்று பிற்பகல் 3.48-க்கு இரண்டு வரிகள். ஒன்று 41: முறையாக அணையாமல் மீண்டும் ஏறியது. இன்னொன்று 6008: முந்தைய ஷட் டவுன் 3.12-க்கு எதிர்பாராமல் நடந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தன் சாவுக்குத் தானே சங்கு ஊத முடியுமா? கரண்ட் போன நொடியில் எதையும் எழுத நேரமில்லை. பிறகு 3.12 என்ற நேரம் எங்கிருந்து வந்தது? ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அவ்வப்போது 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று ரெஜிஸ்ட்ரி எனும் தன் அமைப்புக் குறிப்பேட்டில் ஒரு நேரத்தைக் குறித்து வைக்கிறது. மறுபடி ஏறும்போது முறையாக அணைந்த அடையாளம் இல்லையென்றால், கடைசியாகக் குறித்த நேரத்தையே அணைந்த நேரமாக எழுதிவிடும். ஆகவே உண்மையில் அணைந்தது அதற்குச் சற்றுப் பிந்தியும் இருக்கலாம்.

41-ஐ விரித்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். அதில் 'பக்செக் கோட்' பூஜ்யம் இல்லையென்றால் விண்டோஸே பிழையில் சிக்கி, நீலத்திரை வந்து விழுந்தது. 'பவர் பட்டன்' நேரம் பூஜ்யம் இல்லையென்றால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். இரண்டுமே பூஜ்யம் என்றால் பெரும்பாலும் மின்சாரம்தான். இங்கே இரண்டும் பூஜ்யம். யாராவது கேட்டு அணைத்திருந்தால் 1074 என்ற வரியும் இருக்கும். எந்தப் புரோகிராம், எந்தப் பயனர் பெயரில் கேட்டது என்பதுவரை அதில் வரும். நடுராத்திரி அப்டேட் ரீஸ்டார்ட்டுகள் அதில்தான் மாட்டும்.

ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்பி எழுதப்பட்டவை. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அணைந்தது ஏறியதற்குப் பிந்தியது என்றெல்லாம் கணக்கு வரும். அப்புறம், பதிவேடு நிரம்பினால் பழைய வரிகள் அழிந்து புதியவை ஏறும். ஆகவே போன வருடக் கதையை இங்கே தேட வேண்டாம்.

நண்பரின் லாகில் அந்த 3.48 வரியையும் சேர்த்து, இரண்டு மாதங்களில் மட்டும் ஆறு 41 இருந்தன. ஆறிலும் அதே பூஜ்யங்கள். "யூபிஎஸ் இருக்கே?" என்றார். மேசைக்கடியில் குனிந்து யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். ஒரு 'கீச்', அவ்வளவுதான், திரை கறுத்தது. மறுபடி ஏற்றியதும் லாகில் ஏழாவது 41 சேர்ந்தது.