சீட்டில கீறிட்டு வந்தா கட்சிக்கு நோகுமோ?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு ஐயா காணிப் பெர்மிட் அலுவலா என்னட்ட வாறவர். தனக்குப் பிறகு காணிக்கு ஆற்ற பேரைப் போடுறதெண்டு கதைச்சுக்கொண்டு இருக்கேக்க திடீரெண்டு சொன்னார், "பிள்ளை, 2024 பாராளுமன்றத் தேர்தலில நான் வாக்குச் சீட்டில குறுக்கால ஒரு கீறு கீறிட்டு வந்திட்டன்."

தமிழரசுக் கட்சி தொடங்கின 1949 இலதான் அவரும் பிறந்தவராம். 1970 இல முதல் புள்ளடி அந்தக் கட்சியிண்ட வீட்டுச் சின்னத்துக்கு, 77 இல கூட்டணியிண்ட சூரியனுக்கு, 2004 இல வீட்டுச் சின்னம் திரும்பி வந்தாப்பிறகு திரும்பவும் வீட்டுக்கு. அப்பிடிப்பட்ட மனுசன் கீறிட்டு வந்திருக்கிறார் எண்டா சும்மாவே? 2024 தை மாசம் கட்சித் தலைவர் தெரிவு நடந்து, அது வழக்காகி கோட்டுக்குப் போய், புரட்டாதியில சொந்தக் கட்சிக்காரர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில ஜனாதிபதித் தேர்தலுக்கு நிக்கேக்க கட்சி வவுனியாவில கூடி மற்ற வேட்பாளர் சஜித் பிரேமதாசவுக்கு எண்டு முடிவெடுக்க, கார்த்திகையில பாராளுமன்றத் தேர்தலில வீடு ஒரு பக்கம், முந்திக் கூட்டா நிண்ட கட்சிகளிண்ட சங்கு ஒரு பக்கம். "அப்ப நான் ஆருக்குப் போடுறது?" எண்டார். எனக்கும் பதில் இல்ல.

ஆனா அந்தக் கீறல் என்ன செய்யுது எண்டு சொல்லலாம். நிராகரிச்ச சீட்டெல்லாம் ஒரு கட்டு, அவ்வளவுதான். நீங்கள் ஏன் கீறினனீங்கள் எண்டு ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. ஆசனக் கணக்கு செல்லுபடியான வாக்கிலதான், அதால உங்கட கோவம் மற்றக் கட்சிகளிண்ட வீதத்தைத்தான் ஏத்திவிடும். ஐயாண்ட ஒட்டுசுட்டானும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம், கூட வாக்கு எடுக்கிற கட்சிக்கு அதில ஒண்டு போனஸ், மிச்சம் 5 பங்கு பிரிக்கிறது. 2024 இல அங்க முதலா வந்த தேசிய மக்கள் சக்திக்கு 39,894 வாக்கு, வீடு 29,711, சங்கு 21,102. வீட்டையும் சங்கையும் கூட்டினா 50,813. போனஸ் எங்க போயிருக்கும் எண்டு நீங்களே பாருங்கோ. 2020 இல தமிழ்த் தேசியக் கூட்டமைப்பா சேர்ந்து நிண்டு 3 எடுத்த இடம், இப்ப வீட்டுக்கு 1, சங்குக்கு 1.

கட்சி வேணும் ஆனா உந்த ஆக்கள் வேண்டாம் எண்டுறவைக்கு வழி விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள்ள ஆர் வேணுமெண்டு நம்பருக்குப் போடுற புள்ளடி. வன்னியில ஒரு கட்சி 9 பேரை நிப்பாட்டும், அதில 3 பேருக்கு வரைக்கும் போடலாம். கட்சி ஆரை முன்னுக்கு வைச்சு மேடையில ஏத்தினாலும் சரி, கூட விருப்பு வாக்கு எடுத்த ஆள்தான் உள்ள போவார். முதல் சின்னத்துக்கு நேர புள்ளடி, பிறகு கீழ நம்பர். சின்னத்துக்குப் போடாம நம்பருக்கு மட்டும் போட்டா முழுச் சீட்டும் போச்சு. மூண்டுக்கு மேல போட்டா கட்சிக்கு வாக்குச் சேரும், விருப்பு வாக்கு மட்டும் பழுது. கோவத்தில ஒம்பதுக்கும் போட்டிட்டு வந்த ஆக்களையும் எனக்குத் தெரியும் (அதில ஒருத்தர் ரீச்சர்!).

இன்னொண்டு, ஐம்பது வரியமா வாக்குப் போட்டாலும் நீங்கள் கட்சி உறுப்பினர் ஆகிறேல்ல. தலைவரைத் தெரிவு செய்தது பொதுச்சபை ஆக்கள். ஐயாவிட்ட "அங்கத்துவம் எடுத்தனீங்களோ?" எண்டு கேட்டன். "அதென்னத்துக்கு, நாங்கள்தானே கட்சி" எண்டார்.

பெர்மிட் பேப்பருகளை பொலித்தீன் பைக்க வைச்சு மடிச்சுக்கொண்டே, "நம்பருக்குப் பக்கத்தில ஆளிண்ட பேர் கிடக்குமோ?" எண்டு கேட்டார். கிடக்காது ஐயா, சீட்டில வெறும் நம்பர்தான், வீட்டிலயே பாடமாக்கிக்கொண்டு போகோணும் எண்டன். "முந்தியும் அப்பிடித்தானோ?" எண்டார். இவ்வளவு காலமும் அவர் நம்பருக்கு ஒரு புள்ளடியும் போட்டதில்லையாம்.