ஏற்றத்தில் இழுக்காத டீசல் பிக்கப்பும் மஞ்சள் விளக்கும்

மலேசியாவில் கோம்பாக் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போதுதான் பழைய டீசல் பிக்கப்பின் கோளாறு வெளியே வரும். சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, அரை டன் சுமையோடு மேட்டில் மிதித்தால் ஒரு கணம் தயங்கும். பிறகு இழுக்காது. டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். பட்டறையில் கோட் (வண்டியின் கணினி பதியும் கோளாறு எண்) படித்து, அதில் வந்த பெயருக்குரிய உதிரிப்பாகத்தை மாற்றிவிடுவது பலருக்கும் வழக்கம். பல சமயம் பணம் போகும், திணறல் போகாது. எந்த அளவு வரம்பைத் தாண்டியது என்பதை மட்டுமே கோட் சொல்லும். ஏன் தாண்டியது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

தேடுவதற்குமுன் இன்ஜின் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்த்துவிடலாம். டீசல் இன்ஜின் காற்றை மட்டும் உறிஞ்சி அழுத்தும். அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றும். எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறதோ அவ்வளவு இழுவை. ஆனால் கால் கேட்டதை எல்லாம் இன்ஜின் கணினி கொடுப்பதில்லை. உள்ளே வந்த காற்றின் எடையைப் பார்த்து, இதற்கு மேல் போனால் கரும்புகை வரும் என்ற எல்லையில் டீசலை நிறுத்திவிடும். ஆக, திணறலுக்கு முக்கிய வழிகள் இரண்டு. கணினி கேட்ட டீசல் வந்து சேராமல் இருக்கலாம். அல்லது காற்று போதவில்லை என்று நம்பிக் கணினியே டீசலைக் குறைத்திருக்கலாம். எந்த வழி என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 முள் ஓபிடி சாக்கெட் இருக்கும். கோட் எண்ணையும், அது விழுந்த நொடியில் பதிவான வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். அழிப்பது கடைசி வேலை. முதலிலேயே அழித்தால் அந்தப் பதிவும் சேர்ந்து போய்விடும். சில பழைய டீசல் வண்டிகள் மலிவான புளூடூத் கருவியோடு பேசாது. அதற்காக இன்ஜின் கணினி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்தத் தயாரிப்புக்கு ஏற்ற ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போனால் போதும்.

அடுத்து, ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க, ஏற்றமான சாலைக்குப் போங்கள். 3ஆவது கியர், 1,800 சுற்று, மிதி முழுமையாக. கணினி கேட்கும் ரயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் ரயில் அழுத்தம், எம்ஏஎஃப் சென்சார் காட்டும் உள்ளே வரும் காற்றின் அளவு, காற்றை இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம் ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள். பம்பு அனுப்பும் டீசலை அழுத்தத்தோடு வைத்திருந்து, அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்தான் ரயில். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனெனில் சுமை இல்லாத இன்ஜினுக்கு டீசலும் காற்றும் அதிகம் தேவைப்படாது.

கேட்ட ரயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போக, உண்மை அழுத்தம் பின்தங்கினால் கோளாறு டீசல் பக்கம். ரயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0087 கோட் வருவது பெரும்பாலும் இப்போதுதான். உடனே உயர் அழுத்தப் பம்பைக் கழற்றச் சொல்வார்கள். பொறுங்கள். அடைபட்ட ஃபில்டர், ஒட்டிக்கொண்ட எஸ்சிவி வால்வு (பம்புக்குள் போகும் டீசலை அளந்துவிடுவது), கசியும் இன்ஜெக்டர் மூன்றும் இதே கோட் எண்ணைத்தான் எழுப்பும். அதில் மிக மலிவானது ஃபில்டர்.

நம் ஊரில் ஃபில்டரை முதலில் சந்தேகிக்கத் தனிக் காரணமும் உண்டு. 2019 முதல் சாதாரண டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. அது டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். பழைய டாங்க்கில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அரை கிளாஸ் அளவு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான அடுக்காகத் தங்குவது தண்ணீர். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் கரும்பழுப்பாகச் சளிபோல் மிதந்தால் டாங்க்கில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி அடைக்கும். டாங்க்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உறிஞ்சும் பக்கத்தில் மட்டும், ஒரு அடி கண்ணாடி போன்ற டீசல் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பாருங்கள். ஓடும்போது குமிழி வந்தால் எங்கோ காற்று புகுகிறது. பழைய ரப்பர் குழாயின் கிளிப் அருகே தேடுங்கள்.

ஃபில்டர் புதிது, குமிழி இல்லை, இருந்தும் ஐடிலில் (மிதிக்காமல் நின்று ஓடும்போது) ரயில் அழுத்தம் மேலும் கீழும் ஆடுகிறதா? எஸ்சிவி வால்வு மேல் சந்தேகம் வலுக்கும். அதை மாற்றியபின் பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் கணினிக்குப் புதிய வால்வைப் பழக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, புது வால்வும் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. இன்ஜெக்டர்களைச் சோதிக்க, நான்கின் திரும்பு குழாய்களையும் தனித்தனி பாட்டிலில் விட்டு ஐடிலில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். மற்றவற்றைவிட இரு மடங்கு நிறைந்த பாட்டில்தான் கசியும் இன்ஜெக்டர். ரயிலிலிருந்து வரும் இரும்புக் குழாய்களை மட்டும் இன்ஜின் ஓடும்போது தொட்டுத் தளர்த்தவே கூடாது. முழுச் சுமையில் அதில் 1,300 பாருக்கு மேல் இருக்கும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும், விரலை இழக்க நேரிடும்.

ரயில் அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் காற்றுப் பக்கம் வாருங்கள். எம்ஏஎஃப் எண் நம்பத்தக்கதா என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 2.5 லிட்டர் இன்ஜின் ஐடிலில் 750 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில், நிமிடத்துக்கு 375 முறை தன் கொள்ளளவை நிரப்பும். அதாவது நொடிக்கு 15.6 லிட்டர். நம் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.17 கிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் 85 விழுக்காடு எடுத்தால், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு மூடியிருக்கும்போது நொடிக்கு 15 கிராமை ஒட்டி வர வேண்டும். 8, 9 என்று காட்டினால் ஒன்று சென்சார் அழுக்கு, அல்லது ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்று, புதுக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். சென்சாருக்குள் இருக்கும் கம்பியைத் துணியால் துடைக்காதீர்கள். நன்கு காய்ந்தபின் மாட்டுங்கள். எண் மாறவில்லையென்றால் ஈஜிஆரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள்.

டர்போ அழுத்தம் ஏறாமல் பி0299 வந்தால் டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் வெடிப்பு இருக்கும். சுருங்கிப்போன வெற்றிடக் குழாயும் இதே கோட் எண்ணைக் கொடுக்கும். அதன் விலை சில ரிங்கிட்தான், டர்போவின் விலையை நினைத்துப் பாருங்கள்.

எண்கள் காரணமின்றித் தாவினால், அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோட்கள் சேர்ந்து வந்தால், உதிரிப்பாகம் எதையும் வாங்காதீர்கள். கிள்ளான் கரையோர உப்புக்காற்றில் நிற்கும் வண்டியிலும் வெள்ளத்தில் நின்று எழுந்த வண்டியிலும் எர்த் கம்பி, பிளக் முனைகள் பச்சை பூத்திருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த் கம்பியைக் கழற்றி, இரு முனையையும் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்கிவிட்டு மறுபடி கோட் படியுங்கள்.