கதை இருவருடையது, கடவுச்சொல் ஒருவருடையது

சேலம் அஸ்தம்பட்டியில் வழக்கறிஞராக இருப்பவனிடம் பாகப்பிரிவினை வரும், திரும்பிய காசோலை வரும், வாடகைக்காரர் காலி செய்யாத வழக்கு வரும். பதிப்புரிமை என்று யாராவது படியேறி வந்தால் எனக்கு அன்று திருவிழா. சென்ற ஆண்டு அப்படி வந்தவர் கையில் ஒரு கட்டுத் தாளும் ஒரு பென் டிரைவும் இருந்தன. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவரை ஏற்காட்டுக்காரர் என்றும், அவருடைய நண்பரை அம்மாபேட்டைக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம்.

இருவரும் கல்லூரித் தோழர்கள். சேர்ந்து ஒரு ஒலி நாடகம் எழுதி, பாட்காஸ்டாக வெளியிட்டு வந்தார்கள். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ஒரு தபால்காரர் காணாமல் போகிறார். அவர் பையில் இருந்த கடிதங்கள் மட்டும் ஒவ்வொன்றாக உரியவர்களுக்கு வந்து சேர்கின்றன. எட்டு அத்தியாயங்கள். நான் கேட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பனி இறங்கும் சத்தம் என்று ஒன்று உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கம்பளியைப் போர்த்திய அறையில், சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரக் கூரையில் சொட்டும் நீரைப் பதிவு செய்ததாம் அது.

எட்டாவது அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு ஆடியோ நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாடகத்தை வாங்கிக்கொள்கிறோம், தொடர்ந்து எழுதவும் சொல்கிறோம் என்றார்கள். மின்னஞ்சல் போனது அம்மாபேட்டைக்காரருக்கு. பாட்காஸ்ட் கணக்கு அவர் பெயரில், அவர் கைப்பேசி எண்ணில், அவர் கடவுச்சொல்லில் இருந்ததுதான் காரணம். ஒப்பந்தத்தில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் ஒரு கையெழுத்துக்கு மட்டும் கோடு போட்டிருந்தார்கள். அவர் போட்டுவிட்டார்.

“நான் சொன்னேன், அவன் தட்டச்சு செய்தான். தட்டச்சு செய்தவன் எழுத்தாளன் ஆகிவிடுவானா, சார்?” என்று கேட்டார் ஏற்காட்டுக்காரர்.

ஒரு வாரம் கழித்து அம்மாபேட்டைக்காரரும் வந்தார். அவருக்கு ஆலோசனை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. முதலில் வந்தவரின் வழக்கறிஞன் நான். வேறொரு வழக்கறிஞரின் பெயரைக் கொடுத்து அனுப்பினேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று அவர் சொன்னது இது: “அவனுக்குக் கதை சொல்ல வரும், உட்கார்ந்து எழுத வராது, சார். இரவெல்லாம் விழித்து எழுதியது நான்.”

இருவர் சொன்னதும் உண்மை. சிக்கலே அதுதான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடி உருவாக்கி, ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாமல் இருந்தால் அது கூட்டுப் படைப்பு. சேலத்துக்காரர்களுக்கு இதைக் கொலுசை வைத்துச் சொல்லலாம். ஒருவர் கம்பி இழுக்கிறார், ஒருவர் பற்றவைக்கிறார், ஒருவர் மெருகேற்றுகிறார். செய்து முடித்த கொலுசில் எந்த இடம் யாருடையது என்று கேட்டால் பதில் கிடையாது. சினிமாப் பாட்டு அப்படி அல்ல. வரி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது. தனித்தனியாகப் பிரித்து எடுக்கலாம். நண்பர்கள் எழுதும் நாடகம் பெரும்பாலும் கொலுசு வகை.

‘எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு’ என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு இதைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், எடுத்தார்கள். ‘தபால்காரர் காணாமல் போகிறார்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது வெறும் எண்ணம். அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஏற்காட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நாற்பது நிமிடம், ஐம்பது நிமிடம் என்று குரல்பதிவுகள் அனுப்பியிருந்தார். காட்சி காட்சியாக, கிழவி பேசும் வசனத்தைக் கிழவியாகவே பேசி. மௌலானா ஆசாத் உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த இருவரையும் கூட்டாசிரியர்கள் என்றுதான் கருதியது. பேனா யார் கையில் இருந்தது என்பது முழுப் பதில் அல்ல.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள், யார் எதைத் திருத்தினார்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அது விசைப்பலகையைத் தொட்டவரின் வரலாறு. பக்கத்தில் உட்கார்ந்து வசனம் சொன்னவர் அதில் வரமாட்டார். அந்தக் குரல்பதிவுகள் மட்டும் அழிக்கப்பட்டிருந்தால் என் கட்சிக்காரர் வெறுங்கையோடு நின்றிருப்பார். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று இரண்டு முறை அழிக்கப் பார்த்தாராம்! திரைப்பிடிப்பு மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலப் பதிவு இருக்கும் கருவியைப் பத்திரமாக வையுங்கள். எழுதியதைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சிரித்துவிடுவேன். ஐந்நூறு ரூபாய் கட்டணத்தில் நாடகத்தை முறையாகவே பதிவு செய்யலாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் விண்ணப்பத்தில் இரண்டு பெயரும் இருந்தால் பிற்காலச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கூட்டு உரிமை என்றால் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு மொத்தத்தையும் கொடுத்துவிட முடியாது. அதைக் காட்டி நோட்டீஸ் அனுப்பியதும் நிறுவனம் பின்வாங்கி, இருவரும் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்றது. நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. யார் எழுதியது என்று அவர்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை வாசித்தபோது வயிறு கலங்கியது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். எழுத்தாளருக்குச் சாதகமான இந்த இரண்டு மௌனங்களையும் ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்ற இரண்டு சொற்கள் அடைத்துவிட்டிருந்தன. வழக்கு என்றால் மும்பையில் மட்டும் என்று இன்னொரு வரி. பதிப்புரிமை மீறலுக்கு வாதி தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையையே சிக்கலாக்கும் வரியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார் அம்மாபேட்டைக்காரர்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படநிறுவனத்தின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே எழுத்தாளர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். வேலை ஒப்பந்தத்தின் கீழ் எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை முதல் உரிமையாளர் முதலாளி. கசப்பாக இருந்தாலும் விடை தெளிவு. நண்பர்களிடம் முதலாளியும் இல்லை, தெளிவும் இல்லை.

நாடகப் பிரதி வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒலிப்பதிவுக்குச் சட்டம் ஆசிரியராகக் கருதுவது தயாரிப்பாளரை, அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து அதைப் பதிவு செய்தவரை. இங்கே மைக் வாங்கியவர் ஒருவர், அறையும் கம்பளியும் கொடுத்தவர் மற்றவர். யார் தயாரிப்பாளர்? இதோடு கிழவிக்குக் குரல் கொடுத்த ஏற்காட்டுக்காரரின் அத்தையும் இருக்கிறார். அவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு. அவரிடம் ஒரு சம்மதக் கடிதம்கூட வாங்கியிருக்கவில்லை. “அத்தையிடம் கையெழுத்துக் கேட்டால் வீட்டில் சோறு போடமாட்டார், சார்” என்றார் கட்சிக்காரர். கேட்டார், போட்டார், சோறும் போட்டாராம்.

சமரசம் நான்கு அமர்வுகளில் முடிந்தது. பணத்தைப் பாதிப் பாதி என்று பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். பணம் எப்போதும் எளிது. ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டால் மற்றவர் தொடரலாமா, அந்தத் தபால்காரரை வேறு கதையில் கொண்டுவரலாமா என்பதற்குத்தான் இரண்டு அமர்வுகள். தொடரலாம், முன்னவர் பெயர் நீங்காது, வருவாயில் கால் பங்கு அவருக்கு என்று எழுதினோம். இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தபால்காரரைக் கொல்லக் கூடாது என்றும் ஒரு பிரிவு. முப்பது ஆண்டுத் தொழிலில் நான் எழுதிய ஒரே கொலைத் தடைப் பிரிவு அது. பாட்காஸ்ட் கணக்குக்குப் பொதுவான மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை இருவரும் என் எதிரில் எழுதிக்கொண்டார்கள்.

பெயரை எந்த வரிசையில் போடுவது என்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. அகரவரிசை என்றார் ஒருவர். அவருடைய பெயர் அகரத்தில் தொடங்குவது. கடைசியில், ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒருவர் பெயர் முன்னால், இரட்டைப்படையில் மற்றவர் பெயர் முன்னால் என்று முடிவானது. ஒன்பதாவது யாருக்கு என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். நாணயம் என்னுடையது, திருப்பித் தரவில்லை.