“விரும்பித்தானே போனாய்?” என்று இனியும் கேட்காதீர்கள்

சிறுவயதில் ஆயுத இயக்கத்துக்குப் போனவர்களிடம் கேட்கப்படும் இந்தக் கேள்வி, ஓர் உளவளத்துணையாளரான என் காதில் இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை விழுந்துவிட்டது. கடைசியாகக் கேட்டவர், மருமகளை அழைத்து வந்த ஒரு மாமியார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இலங்கையின் வடக்கே வன்னியில் 2008இல் “வீட்டுக்கு ஒருவர்” என்று விடுதலைப் புலிகள் வாசலில் வந்து நின்றபோது, அண்ணனை விட்டுவிடுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் அந்த மருமகள். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. இன்று தன் மகள் பாடசாலையிலிருந்து பத்து நிமிடம் பிந்தினாலே படலையடியில் நின்று நடுங்குகிறார்.

இதிலே விருப்பம் எங்கே இருக்கிறது? செல்லடியில் (எறிகணை வீச்சில்) தம்பியைப் பறிகொடுத்த கோபத்தில் போன பிள்ளையும், வீட்டில் சோறில்லாமல் போன பிள்ளையும், பாட்டையும் மேடைப் பேச்சையும் கேட்டுப் போன பிள்ளையும் “விரும்பிப் போனவர்கள்” என்றே ஊரில் சொல்லப்படுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தை வைத்து ஒரு காணி உறுதிகூட முடிக்க முடியாது. உயிரைக் கொடுக்க மட்டும் அந்தச் சம்மதம் போதுமா? ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஐ.நா. விருப்ப நெறிமுறை (சிறுவர் உரிமைச் சமவாயத்தோடு நாடுகள் விரும்பி ஏற்கும் துணை ஒப்பந்தம்) சொல்கிறது. கொங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தோமஸ் லுபாங்காவுக்கு எதிராக 2012இல் தீர்ப்பளித்த சர்வதேச குற்றவியல் நீதிமன்றமும், பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் சம்மதத்தைக் காட்டிச் சேர்த்தவர் தப்ப முடியாது என்றது. 2004இல் இயக்கம் பிளவுபட்ட பின்னர் கிழக்கில், பிரிந்துபோன தளபதி கருணாவின் தரப்பு கொண்டுபோன பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான்.

போர் முடிந்தபின் சிறுவர்களாகப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டோர் 594 பேர் என்பது அரசின் கணக்கு. வயதை மறைத்தோ, இயக்கத்தில் இருந்ததையே மறைத்தோ முகாமைக் கடந்தவர்கள் அதில் இல்லை. எனது அறைக்கு வருபவர்களில் பலர் அவர்கள்தான், இன்றும் மறைத்தபடியே வாழ்கிறார்கள். நான் சொன்ன அந்த மருமகளின் பின்கழுத்தில் செல் துண்டு ஒன்று இருக்கிறது. தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நாள் குறித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற மாமியார் மறுபடி அதே கேள்வியைக் கேட்பாரோ என்ற பயத்தில், மருமகள் அதை வைத்தியரிடம் சொல்லவில்லை. உடலுக்குள் இருக்கும் உலோகம் அந்த இயந்திரத்தின் காந்தப் புலத்தில் அசையவும் சூடாகவும் கூடும். உடலில் செல் துண்டு உள்ளவர்களே, தயவுசெய்து இதைச் சொல்லுங்கள், வைத்தியரிடம் தனியாகவாவது சொல்லுங்கள்.

வீட்டாருக்கும் சொல்கிறேன். தூங்குபவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வெடி கொளுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று விளையாட்டுக்கும் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் இருங்கள். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வந்தபின் அவரைத் தனியாகப் பேச விட்டு, நீங்கள் வெளியே காத்திருங்கள்.