இன்றிரவு போனை அணைக்காதீர்கள்

தர்மபுரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. போன மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிவந்த ஓர் அம்மா, தன் போனை என்னிடம் நீட்டினார். இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை ஒட்டிக் கடக்குமாம், செல்போனை அணைத்துத் தள்ளி வைக்க வேண்டுமாம். கூடவே ஒரு கருந்துளைப் படம்.

"இதுவும் உங்க மிஷின்ல வர்ற கதிர் மாதிரிதானே தம்பி? புள்ளத்தாச்சிக்கு ஆகாதே?"

நல்ல கேள்வி. கருந்துளையை விட்டு ஒளி வெளியே வராது. ஆனால் அதில் விழப்போகும் வாயு, சுற்றிச் சுற்றி உரசிப் பல லட்சம் டிகிரிக்குக் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் வருவது நான் தினமும் கையாளும் அதே எக்ஸ்ரேதான். சூரியனில் எரியும் ஹைட்ரஜனில் 0.7 சதவீத நிறைதான் ஆற்றலாகிறது. கருந்துளையில் விழும் பொருளிலோ 6 முதல் 40 சதவீதம் வரை ஆற்றலாகலாம். 3சி 273 என்ற குவாசர் (பெரிய கருந்துளையில் பொருள் விழுவதால் பிரகாசிக்கும் விண்மீன் மண்டலத்தின் மையம்) 200 கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருந்தும் ஓரளவு பெரிய தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிவது இதனால்தான்.

சரி, அந்த எக்ஸ்ரே நம்மேல் படுமா? படாது. எக்ஸ்ரே குழாயிலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தாலே கதிர் கால் பங்காகிவிடும். சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை இருப்பது சுமார் 7,000 ஒளியாண்டுக்கு அப்பால். அப்புறம் காற்று இருக்கிறது. கனத்த உடம்புக்காரருக்கு இடுப்பைப் பக்கவாட்டில் எடுக்கும்போது, அந்த ஒன்றரை அடி சதையைத் தாண்டவே கதிர் திணறும், மிஷினின் மின்னழுத்தத்தை ஏற்றுவோம். நம் தலைக்கு மேலுள்ள காற்றோ 10 மீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். விண்வெளி எக்ஸ்ரே அதைத் தாண்டித் தரைக்கு வராது. அதைப் பார்க்கத்தான் 1962-ல் விஞ்ஞானி ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ராக்கெட் விட்டது, 2015-ல் நம் இஸ்ரோ ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை 650 கி.மீ. உயரத்துக்கு அனுப்பியது.

காஸ்மிக் கதிர் வேறு வகை. பெரும்பாலும் அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்ற துகள்கள். மேலே காற்றில் மோதி மியூவான் என்ற நுண்துகள்களாகக் கீழே வருகின்றன. உள்ளங்கையை விரித்து வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அதைக் கடந்துபோகும். அதற்கு 12.30 என்றெல்லாம் நேரம் கிடையாது. நாம் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். இந்த மழையிலிருந்து ஒதுங்கி எதையும் எளிதாகத் துளைத்துப்போகும் நியூட்ரினோ என்ற துகளைத் தேடுவதற்காகத்தான், கிருஷ்ணகிரியை அடுத்த கோலார் தங்கவயலில் 2 கி.மீ.க்கும் கீழே கருவி வைத்தார்கள். காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் நியூட்ரினோவை 1965-ல் கண்டும் பிடித்தார்கள்.

கதிருக்குக் கவனமாக இருக்க வேண்டிய இடம் என் அறை. நாள் தள்ளிப்போயிருந்தால் படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே வருபவர்கள் ஈய ஏப்ரான் கேட்டு வாங்குங்கள். பழைய பிலிம் இருந்தால் கொண்டுவாருங்கள், சில நேரம் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது. கர்ப்பிணிக்குச் செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வெறும் ஒலிதான், அதில் கதிரே இல்லை.

அந்த மருமகளுக்கு 9-வது மாதம். ஊரோ மலையடிவாரம். "போனை அணைக்காதீங்கம்மா, சார்ஜ் போட்டுத் தலைமாட்டுல வையுங்க. ராத்திரி வலி எடுத்தா 108-க்கு அதுலதான் கூப்பிடணும்" என்று சொல்லி அனுப்பினேன்.